நாயோட ஃப்ளைட் ஏறப் போறியா? முதல்ல காலண்டரை எடு

டைகரையும் லண்டனுக்குக் கூட்டிட்டுப் போறதுன்னு முடிவு பண்ணிட்டியா? அப்போ டிக்கெட், கூண்டு பேச்சையெல்லாம் ஓரமா வை. காலண்டரை எடுத்து, குறைஞ்சது ஆறு மாசம் கையில இருக்கான்னு பாரு. "அதான் வருஷா வருஷம் வெறிநாய் ஊசி போடறோமே அக்கா"ன்னு சொல்லுவ. ஊசி போட்டியான்னு மட்டும் அங்க பாக்க மாட்டாங்க. எதுக்கப்புறம் எது போட்டன்னு தேதி பாப்பாங்க. வரிசை மாறிச்சுன்னா மறுபடி முதல்லேர்ந்துதான்.

முதல்ல மைக்ரோசிப். அரிசி மணி அளவுதான் இருக்கும். பிடரிகிட்ட தோலுக்கடியில ஏத்திடுவாங்க. ஐ.எஸ்.ஓ. தரத்துல 15 இலக்க நம்பர் உள்ள சிப்பான்னு கேட்டு வாங்கு. அதுக்கப்புறம்தான் வெறிநோய் ஊசி. சிப்புக்கு முன்னாடி போட்ட ஊசி பிரிட்டன் கணக்குல சேராது. திருமழபாடியில இருந்துக்கிட்டு சிப்புக்கு எங்க போறதுன்னா, தஞ்சாவூர், திருச்சி பக்கம் விசாரி. கொள்ளிடத்தைத் தாண்டிப் போனா ஒரத்தநாட்டுல கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கு. அங்கயும் போன் பண்ணிக் கேட்டுட்டுக் கிளம்பு. ஒவ்வொரு தடவை டாக்டர்கிட்ட போறப்பவும் ஸ்கேனரை வெச்சு நம்பரைப் படிக்கச் சொல்லு. ஊசிப் புத்தகத்துல ஒரு இலக்கம் தப்பா எழுதிட்டாலும் ஏர்போர்ட்ல அது வேற நாய்.

ஊசி போட்டு 30 நாள் கழிச்சு ரத்தம் எடுக்கணும். வெறிநோய் எதிர்ப்பு சக்தி ஒரு மில்லிக்கு 0.5 யூனிட்டாவது இருக்கணும். டெஸ்ட்டை எந்த லேப்ல வேணா பண்ணிட முடியாது, பிரிட்டன் ஏத்துக்கிட்ட லேப்புக்குத்தான் அனுப்பணும். ரிசல்ட் நல்லா வந்துடுச்சுன்னு துள்ளாத. ரத்தம் எடுத்த நாள்லேர்ந்து மூணு மாசம் காத்திருந்துதான் உள்ள போகலாம். ஐரோப்பிய நாடுகளுக்கும் இதே கணக்குதான். நம்ம நாட்டுல வெறிநோய் இன்னும் ஒழியல, அதான் இவ்வளவு கெடுபிடி. ஒரு ஆறுதல் இருக்கு: அடுத்தடுத்த ஊசியைத் தேதி தவறாம போட்டுட்டே வந்தா, இந்த ரத்த டெஸ்ட்டை மறுபடி எடுக்க வேண்டாம்.

கடைசி வாரம்தான் தலை சுத்தும். லண்டன்ல இறங்கறதுக்கு 24 மணி நேரத்துக்கு முன்னாடி, ஆனா 120 மணி நேரத்துக்குள்ள, நாடாப்புழு மருந்தை டாக்டர் கையால கொடுத்து நேரத்தோட எழுதி வாங்கணும். பூனைக்கு இது கிடையாது. அரசு டாக்டர் கையெழுத்துப் போட்ட ஹெல்த் சர்டிபிகேட் பத்து நாளைக்குள்ள வாங்கினதா இருக்கணும். அதுக்குப் பள்ளிக்கரணையில இருக்கிற மத்திய அரசோட விலங்குத் தொற்றுத் தடுப்பு நிலையத்துக்குப் போகணும். நம்ம பக்கத்து ஜனங்களுக்கு வெளிநாட்டு ஃப்ளைட்னாலே திருச்சிதான் ஞாபகம் வரும். ஆனா இந்தப் பேப்பர் வேலைக்குச் சென்னைதான் வசதி. ஃப்ளைட்டையும் அங்கேர்ந்தே போடு. ரெண்டு நாள் முன்னாடியே போயி, நாயோட தங்கவிடற இடமாப் பாத்துக்கோ.

பிரிட்டனுக்குள்ள ஃப்ளைட்ல நாய் வரணும்னா சரக்காத்தான் வரணும். உன் மடியிலயும் வராது, உன் லக்கேஜ் கணக்குலயும் வராது. ஹீத்ரோவுல விலங்குகளுக்குன்னே தனி வரவேற்பு மையம் இருக்கு. பேப்பரெல்லாம் சரிபாத்து அங்கேர்ந்துதான் கையில தருவாங்க. சில மணி நேரம் ஆகும். உன் வீட்டுக்காரரை அவசரமில்லாம வரச் சொல்லு.

இனி கூண்டு. எனக்குப் பேப்பரை விட இதுதான் கவலை. ஆத்து மணல்ல உருண்டு வளர்ந்த நாய்டி அது, கதவு சாத்தினா என்னன்னே தெரியாது. மூக்கு நுனியிலேர்ந்து வால் ஆரம்பிக்கிற இடம் வரைக்கும் டேப் வெச்சு அள. அதோட முழங்கைலேர்ந்து தரை வரைக்கும் உள்ள உயரத்துல பாதியைக் கூட்டு. அதான் கூண்டோட நீளம். அகலம், தோள்பட்டை அகலத்தைப் போல ரெண்டு மடங்கு. உயரம், நிக்கிறப்ப தலையோ காது நுனியோ எது மேல இருக்கோ அதுவரைக்கும், கூடவே கீழ விரிக்கிற துணியோட கனம். நின்னு, திரும்பி, காலை நீட்டிப் படுக்க முடியணும். பெரிசா வாங்கினாலும் நஷ்டம். சரக்குக் கட்டணத்தைக் கூண்டு அடைக்கிற இடத்தையும் வெச்சுத்தான் போடுவாங்க.

கூண்டை இன்னிக்கே வாங்கித் திண்ணையில வை. கதவைக் கழட்டிட்டு, உள்ள அம்மாவோட பழைய நூல் புடவையைப் போட்டு, சோத்துத் தட்டை அங்கயே வெச்சுடு. தானா போய்ப் படுக்க ஆரம்பிச்சதும் கதவை மாட்டு. முதல்ல அஞ்சு நிமிஷம், அப்புறம் ஒரு ராத்திரி. நம்ம ஊர்க் கோயில் நந்தி கல்யாணத்துக்கு ஊரே கூடி மேளமும் வாணவேடிக்கையுமா இருக்கிற பங்குனியில மட்டும் இந்தப் பழக்கத்தை ஆரம்பிக்காத. மிரண்டா ஜென்மத்துக்கும் உள்ள கால் வைக்காது.

தூக்க மாத்திரை கொடுத்துடலாம்னு யாராவது யோசனை சொன்னா கேக்காத. மேல பறக்கிறப்ப மயக்க மருந்து மூச்சையும் ரத்த அழுத்தத்தையும் கெடுத்துடும். மயக்கத்துல இருக்கிற நாயை நிறைய ஏர்லைன்ஸ் ஏத்தறதே இல்ல. நாலு மணி நேரம் முன்னாடி கொஞ்சமா சாப்பாடு, தண்ணி கடைசி வரைக்கும். ராத்திரி ஃப்ளைட்டாப் போடு. சித்திரை, வைகாசி வெயில்ல விமானத்துக்குப் பக்கத்துல கூண்டு காத்துக் கிடக்கிறது கொடுமை. பக் மாதிரி சப்பை மூக்கு நாய்ங்களுக்கு மூச்சுத் திணறும்னு சில கம்பெனிகள் எடுக்கறதே கிடையாது.

பக்கத்து வீட்டுக்காரங்க கேட்டா இதையும் சொல்லு. சிங்கப்பூருக்கு இங்கேர்ந்து போற நாய் குறைஞ்சது 30 நாள் தனிமைல இருக்கணும். அடுக்குமாடி அரசு வீட்டுல அவங்க பட்டியல்ல இருக்கிற சின்ன இனம்தான், அதுவும் ஒண்ணே ஒண்ணு. அமெரிக்காவுல 2024 ஆகஸ்ட் 1லேர்ந்து ஆறு மாசம் நிரம்பாத நாய்க்குட்டிக்கு இடமில்ல. ஆஸ்திரேலியாவுக்கு நம்ம நாட்டுலேர்ந்து நேரா கொண்டுபோகவே முடியாது, வேற ஒரு நாட்டுல தங்கிச் சுத்திப் போகணும். துபாய்க்கும் சரக்காத்தான். பச்சைக் கிளி கேக்கவே வேண்டாம். 1972 வனவிலங்குச் சட்டப்படி அதை வீட்டுல வளர்க்கிறதே குற்றம்.

2022ல உக்ரைன் போர் நடந்தப்ப, நம்ம மாணவர்கள் நாயையும் பூனையையும் விடமாட்டோம்னு தூக்கிட்டு வந்தாங்க, ஞாபகம் இருக்கா? அரசாங்கம் அப்போ விதியைத் தளர்த்திச்சு. அது போர். நமக்கெல்லாம் அப்படித் தளர்த்த மாட்டாங்க. திரும்பி இந்தியா வர்றப்பவும் முன்கூட்டியே அனுமதி வாங்கித்தான் கூட்டி வரணும்.

இன்னொண்ணு, கோவிச்சுக்காத. டைகருக்கு வயசாயிடுச்சு, இதயத்துல கோளாறுன்னு டாக்டர் சொன்னார்னா, அம்மாகிட்டயே விட்டுட்டுப் போ. உன் ஆசைக்காக அது அவ்வளவு நேரம் இருட்டுல, இரைச்சல்ல கிடக்க வேண்டாம். அம்மா தினம் வீடியோ கால்ல காட்டுவாங்க.

கூட்டிட்டுத்தான் போறன்னா, எல்லாப் பேப்பரையும் ரெண்டு செட் ஜெராக்ஸ் எடு, போட்டோவும் எடுத்து வை. ஒண்ணு உன் கைப்பையில, ஒண்ணு கூண்டு மேல பிளாஸ்டிக் கவர்ல, போட்டோ உன் வீட்டுக்காரர் போன்ல. ஹீத்ரோவுல கூண்டை விட்டு வெளிய விடறதுக்கு முன்னாடி கழுத்துப் பட்டை ஒண்ணு, மார்புப் பட்டை ஒண்ணுன்னு ரெண்டையும் மாட்டிப் பிடிச்சுக்கோ. மிரண்ட நாய் ஒத்தைப் பட்டையை உருவிட்டு ஓடிடும்.