மேகத்துக்கு எல்லை ஏது?

ஓசூர் பக்கம் பசுமைக்குடிலில் ரோஜா வளர்க்கிறேன். ஏப்ரலில் காலையில் வெயில், மாலையில் ஆலங்கட்டி. முன்கூட்டியே அறிய முடியாதா?
- வாசகர், தேன்கனிக்கோட்டை

வாரக்கணக்கில் முடியாது, சில மணி நேரம் முன்னால் முடியும். ஓசூர் சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காலை வெயிலில் சூடேறும் மேட்டுநிலக் காற்று, கடல் பக்கமிருந்து வரும் ஈரத்தோடு மேலெழுந்து பிற்பகலில் இடிமேகமாகத் திரளும். கர்நாடக எல்லைக்கு அப்பால் உள்ள அத்திப்பள்ளியை நனைத்துவிட்டு ஓசூரை ஏமாற்றுவதும் உண்டு. மேகம் சோதனைச்சாவடியில் நின்றா வருகிறது?

காலை முன்னறிவிப்பு மட்டும் போதாது. வானிலை ஆய்வு மையம் அடுத்த 3 மணி நேரத்துக்குத் தரும் எச்சரிக்கையை மதியத்துக்கு மேல் பாருங்கள். 'தாமினி' செயலி 20, 40 கிலோமீட்டர் தொலைவுக்குள் விழும் மின்னலைச் சொல்லும்.

மின்னலுக்கும் இடிக்கும் நடுவே 15 விநாடியா? மேகம் 5 கிலோமீட்டரில் இருக்கிறது. பக்கத் திரைகளை அதற்கு முன்பே இறக்கியிருக்க வேண்டும். இப்போது வீட்டுக்குள் ஓடுங்கள்.