நிழல் காட்டும் நிலவு

நுழையும்முன்
திறன்பேசியைக் கையில் ஏந்திய பலரும் ஒருநாளேனும் நிலவைப் படமெடுக்க முயன்றிருப்பர். கண்ணுக்கு அழகாய்த் தெரிந்த நிலவு படத்தில் வெறும் வெண்பொட்டாக எஞ்சியிருக்கும். தெளிவான படம் கருவியின் விலையால் அமைகிறதா, ஒளியைப் பற்றிய அறிவால் அமைகிறதா என்பதை இவ்வுரைநடை ஆராய்கிறது.

முழுநிலவு நாளின் மாலையில், நாவலூரின் மொட்டைமாடிகளிலிருந்து கிழக்கே நோக்கினால், பக்கிங்காம் கால்வாய்க்கு அப்பால், வங்கக்கடலின் திசையில் நிலவு செந்நிறமாய் எழுவதைக் காணலாம். கண்ணுக்கு விருந்தாகும் அவ்வேளை, தெளிவான படத்திற்கு உகந்ததன்று. அதன் காரணங்களை அறிவதே நிலவு ஒளிப்படக்கலையின் முதற்படியாகும்.

வெண்பொட்டாவது ஏன்?
நிலவு தானே ஒளிர்வதில்லை. அது வெயிலில் காயும் பாறைநிலம். தன்மீது விழும் ஒளியில் ஏறத்தாழ 12 விழுக்காட்டையே அது திருப்பி அனுப்புகிறது. ஆயினும், இருண்ட வானத்தின் நடுவே அது மிகு ஒளியுடையது. கருவியோ, வானத்தின் பேரிருளைக் கணக்கிட்டு ஒளியை மிகுதியாக உள்வாங்குகிறது. எனவே, நிலவின் மேடுபள்ளங்கள் யாவும் வெண்மையில் மறைகின்றன.

இதனைத் தவிர்க்க, திறன்பேசித் திரையில் நிலவின்மீது விரலை வைத்து, ஒளியளவைக் குறைத்தல் வேண்டும். தனி ஒளிப்படக்கருவி உடையோர், ஒளியுணர்திறன் 100, ஒளித்துளை எஃப் 11, திறப்பு நேரம் நூற்றில் ஒரு நொடி என்னும் அளவுகளில் தொடங்கலாம். முழுநிலவுக்கு உரிய இவ்வளவுகளைப் பிறைக்கேற்பச் சற்றுக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

நிழலே உருவம்
முழுநிலவு நாளில், கதிரவனின் ஒளி நம் முதுகுப்புறத்திலிருந்து செல்வதுபோல் நேராகச் சென்று நிலவில் விழுகிறது. ஆதலால், அங்குள்ள மலைகளின் நிழல் நமக்குத் தெரிவதில்லை. நிலப்பரப்பு தட்டையாகத் தோன்றுகிறது. அரைநிலவிலோ ஒளி பக்கவாட்டில் விழுகிறது. ஒளியும் இருளும் சந்திக்கும் எல்லைக்கோட்டை ஒட்டி, பள்ளங்களின் விளிம்புகள் நீண்ட நிழல்களை வீழ்த்துகின்றன. ஏறத்தாழ 93 கி.மீ. அகலமுள்ள கோப்பர்நிக்கஸ் பள்ளம் வளர்பிறையின் ஒன்பதாம் நாளை ஒட்டி எடுப்பாகத் தெரிவது இதனால்தான்.

காற்றும் அசைவும்
அடிவானத்தில் நிலவு இருக்கும்போது, அதன் ஒளி மிகத் தடித்த காற்றடுக்கைக் கடந்து வருகிறது. 10 பாகை உயரத்தில் அவ்வடுக்கு, தலைக்கு நேர் மேலுள்ளதைப்போல் ஐந்து மடங்குக்கும் மிகுதி. 30 பாகையில் இரு மடங்கு. பகலில் சூடேறிய கட்டடங்களும் சாலைகளும் இரவில் வெளிவிடும் வெப்பம் காற்றைக் கலக்குவதால் படம் நீருக்குள் தெரிவதுபோல் நெளிகிறது. ஆகவே, நிலவு உயரும்வரை காத்திருத்தல் நன்று.

இவ்வகையில் தென்சென்னைக்கு ஒரு நற்பேறு உண்டு. ஏறத்தாழ 13 பாகை வட அகலாங்கில் அமைந்த இப்பகுதியில், நிலவு தன் உச்சத்தை அடையும்போது ஒருநாளும் 48 பாகைக்குக் கீழ் இருப்பதில்லை. இலண்டனிலோ சில நாள்களில் அது 10 பாகை அளவே உயர்கிறது.

நிலவு தன் அகலத்திற்கு ஒப்பான தொலைவை ஏறத்தாழ இரண்டு நிமிடத்தில் வானில் கடக்கிறது. திறப்பு நேரம் நீண்டால் படம் கலங்கும். கை நடுக்கமும் படத்தைக் கெடுக்கும். ஆதலின், கருவியை முக்காலியில் பொருத்தி, தானியங்கி நேரக்குறிப்பியைக் கொண்டு படமெடுத்தல் நலம்.

ஒரு புள்ளியின் கதை
ஒளியும் நிழலும் பற்றிய இவ்வறிவின் பயனுக்குச் சென்னையே சான்று தருகிறது. 2019 செப்டம்பர் 7 அன்று, சந்திரயான்-2 திட்டத்தின் விக்ரம் தரையிறங்கி, நிலவின் தென்பகுதியில் இறங்கும் முயற்சியில் தொடர்பை இழந்தது. அப்பகுதியை நாசாவின் எல்.ஆர்.ஓ. சுற்றுக்கலம் செப்டம்பர் 17 அன்று படமெடுத்தது. அப்படம் பொதுமக்கள் பார்வைக்கு வெளியிடப்பட்டது. அப்போது கதிரவன் அங்கு அடிவானிலிருந்து 6 பாகை உயரத்திலேயே இருந்தது. நீண்ட நிழல்கள் நிலத்தைப் போர்த்தியிருந்தன.

சென்னையில் பணியாற்றிய பொறியாளர் சண்முக சுப்பிரமணியன், அப்படத்தைப் பழைய படங்களுடன் ஒப்பிட்டு ஆராய்ந்தார். முன்பு இல்லாத ஒரே ஒரு வெண்புள்ளியைக் கண்டு நாசாவுக்குத் தெரிவித்தார். நவம்பர் 11 அன்று, கதிரவன் 18 பாகை உயர்ந்திருந்தபோது எடுக்கப்பட்ட படம், மோதிய இடத்தைத் தெளிவாகக் காட்டியது. டிசம்பரில் நாசா அவர் கண்டறிந்ததை உறுதிசெய்து அறிவித்தது. முதன்மை மோதல் இடத்திலிருந்து ஏறத்தாழ 750 மீட்டர் தொலைவில் கிடந்த சிதறலே அப்புள்ளி.

மெய்ப்படம் எது?
இன்று சில திறன்பேசிகள், நிலவைப் படமெடுப்பதை உணர்ந்தவுடன், செயற்கை நுண்ணறிவின் துணையால் நுண்விவரங்களைத் தாமே கூட்டிவிடுகின்றன. அப்படம் அழகாயிருக்கலாம், அன்றிரவு வில்லைக்குள் வந்த ஒளியின் பதிவாக அது முழுமையாய் அமையாது. கருவி தானாகச் சேர்த்த ஒரு புள்ளியை நம்பியிருந்தால் விக்ரமின் சிதறலைக் கண்டறிய இயலுமா? சற்றே மங்கியிருப்பினும் உள்ளதை உள்ளவாறு காட்டும் படமே ஆய்வுக்குத் துணையாகும். பொறுமையோடு நோக்கும் கண்ணுக்கு ஒரு புள்ளியும் செய்தி சொல்லும்.

கற்பவை கற்றபின்
1. வளர்பிறையின் நான்காம் நாள், எட்டாம் நாள், முழுநிலவு நாள் ஆகியவற்றில் நிலவைப் படமெடுத்து, நிழல்களின் வேறுபாட்டை எழுதுக.
2. ‘அழகிய படம், மெய்யான படம்’ என்னும் தலைப்பில் வகுப்பில் கலந்துரையாடுக.