கேரியர் தாங்கும், கூரை தாங்குமா?

ஃபோர் வீல் டிரைவ் வண்டி வாங்கியவர்களில் பலர் முதல் மாதத்திலேயே தேட ஆரம்பிப்பது கேரியரைத்தான். தாரோ ஜிம்னியோ கூர்க்காவோ, கூரைமேல் ஒரு கறுப்புச் சட்டம் ஏறினால்தான் வண்டிக்குக் களை வருகிறது என்று நினைக்கிறோம். களை வரட்டும், அதில் தவறில்லை. ஆனால் கேரியரைப் பற்றிக் கடையிலும் பட்டறையிலும் நண்பர்கள் மத்தியிலும் உலவும் பேச்சில் பாதிக்குமேல் தவறு. சில தவறுகள் காசைத் தின்னும். சில வண்டியையே கவிழ்த்துவிடும். அவற்றில் முக்கியமானவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

நம்பிக்கை: "கேரியரில் 150 கிலோ என்று போட்டிருக்கிறது. தாராளமாக 150 கிலோ ஏற்றலாம்."

மற்ற எல்லாத் தவறுகளுக்கும் மூலம் இதுதான். 150 கிலோ என்பது அந்தச் சட்டம் வளையாமல் தாங்கும் எடை. சட்டத்தையும் சேர்த்துச் சுமக்கப்போவது வண்டியின் கூரை. கூரை எவ்வளவு தாங்கும் என்பதை வண்டியைச் செய்த கம்பெனி கையேட்டில் தனியாகச் சொல்லியிருக்கும். ஆக, கேரியருக்கு ஓர் அளவு. அதைக் கூரையோடு பிணைக்கும் கால்களுக்கும் குறுக்குக் கம்பிகளுக்கும் ஓர் அளவு. கூரைக்கு ஓர் அளவு. மூன்றில் எது குறைவோ அதுதான் உங்களுக்குரியது. குறுக்குக் கம்பி இரண்டுக்குப் பதில் மூன்று போட்டால் எடை பரவும், நல்லதுதான். ஆனால் கூரையின் அளவு அதனால் ஒரு கிலோகூடக் கூடாது.

இன்னொன்றைக் கடைக்காரர்கள் சொல்வதே இல்லை. கேரியரின் சொந்த எடையும் அந்தக் கூரை அளவுக்குள் அடக்கம். மூன்று கதவு ஜிம்னியைப் பாருங்கள். வெளிநாடுகளில் விற்கும் அந்த வண்டிக்கு சுசூகி கொடுத்திருக்கும் கூரைச் சுமை 30 கிலோ. பாறைமேல் ஏறி இறங்கும் வண்டிதான். ஆனால் அதன் தலை தாங்குவது ஓர் அரிசி மூட்டையைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவே. அதன்மேல் 22 கிலோ இரும்புக் கேரியரைப் பொருத்தினால் மிச்சம் 8 கிலோ. ஒரு தார்ப்பாயும் இரண்டு படுக்கைச் சுருளும் வைத்தால் கணக்கு முடிந்தது. நம் ஊரில் ஓடும் ஐந்து கதவு ஜிம்னிக்கும் மற்ற வண்டிகளுக்கும் அவற்றின் கையேட்டில் உள்ள எண்ணைத்தான் பார்க்க வேண்டும். இணையத்தில் எவரோ சொன்ன எண் உதவாது.

அந்த எண்ணும் தார்ச் சாலைக்கானது என்று வைத்துக்கொள்ளுங்கள். குழியில் இறங்கி ஏறும்போது 50 கிலோ சாமான் சில கணங்களுக்கு 100 கிலோவுக்குமேல் அழுத்தும். கேரியர் தயாரிப்பாளர்கள் சிலர், மண் பாதையில் போவதானால் சாலைக்கான அளவை 1.5ஆல் வகுக்கச் சொல்கிறார்கள். 75 கிலோ என்பது 50 கிலோ ஆகிவிடும். ஃபோர் வீல் டிரைவ் வாங்குவதே மண் பாதைக்காகத்தானே!

நம்பிக்கை: "கனமான இரும்புதான் உறுதி. அலுமினியம் எல்லாம் ஷோவுக்கு."

கூரையின் அளவு 75 கிலோ என்றால், நீளமான இரும்புக் கூடை ஒன்றே அதில் பாதியைச் சாப்பிட்டுவிடக்கூடும். இரும்பின் அடர்த்தி அலுமினியத்தைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு. நன்றாக வடிவமைத்த அலுமினியப் பிளாட்ஃபார்ம் குறைந்த எடையில் அதே வேலையைச் செய்யும், துருவும் பிடிக்காது. இரும்பின் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. காசு குறைவு, வழியில் விரிசல் விட்டால் எந்தச் சிற்றூர் வெல்டிங் பட்டறையிலும் ஒட்டவைத்துவிடலாம். அலுமினிய வெல்டிங்குக்கு ஆள் தேட வேண்டியிருக்கும். வருடத்தில் பத்து மாதம் ஊருக்குள் ஓடும் வண்டிக்கு நான் அலுமினியத்தைத்தான் சொல்வேன்.

கடலோரத்தில் இருப்பவர்கள் மட்டும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அலுமினியத்தில் எவர்சில்வர் போல்ட் நேராகத் தொட்டு, நடுவில் உப்பு ஈரமும் சேர்ந்தால் அலுமினியம் வெள்ளையாகப் பொரிந்து அரிபடும். நைலான் வாஷர் போட்டு, மரையில் துரு தடுக்கும் பசை தடவி முடுக்கினால் அந்தத் தொல்லை பெருமளவு குறையும். தனுஷ்கோடிப் பக்கம் போய்வந்தால் கேரியரின் மூட்டுகளையும் நல்ல தண்ணீரில் கழுவிவிடுங்கள்.

நம்பிக்கை: "கூரைக் கூடாரத்தில் இரண்டு பேர் படுக்கிறார்கள். அப்படியானால் 200 கிலோ தாங்கும் என்றுதானே அர்த்தம்?"

நிற்கும் வண்டியின் கூரை வேறு, ஓடும் வண்டியின் கூரை வேறு. சமதரையில் நிற்கும்போது எடை நேராகக் கீழே இறங்குகிறது. ஓடும்போது பிரேக், வளைவு, குழி எல்லாம் சேர்ந்து அதே எடையை நாலா பக்கமும் பிடித்து இழுக்கின்றன. புதிய லேண்ட் ரோவர் டிஃபெண்டருக்கு ஓடும்போது, டயரைப் பொறுத்து, 168 கிலோ வரை, நிற்கும்போது 300 கிலோ வரை என்று கம்பெனியே இரண்டு எண்களைக் கொடுத்திருக்கிறது. கூடாரம் வாங்குபவர் ஓடும் கணக்கில் கேரியரையும் மடித்த கூடாரத்தையும் சேர்க்க வேண்டும். நிற்கும் கணக்கில் அவற்றோடு படுக்கும் ஆட்களையும் சேர்க்க வேண்டும். இரண்டிலும் தேறினால்தான் வாங்கலாம்.

நம்பிக்கை: "பெரிய டயர், கனமான சேஸி. மேலே நூறு கிலோ வைத்தால் இந்த வண்டிக்கு ஒன்றும் தெரியாது."

தெரியும், வளைவில் தெரியும். ஒரு கணக்கு போடுவோம். 1,800 கிலோ வண்டி. அதன் எடை மையம் தரையிலிருந்து 70 செ.மீ. உயரத்தில் இருப்பதாகவும், இடது வலது சக்கரங்களுக்கு நடுவே 1.5 மீட்டர் இருப்பதாகவும் கொள்வோம். 2 மீட்டர் உயரத்தில் 100 கிலோவை ஏற்றினால் எடை மையம் 77 செ.மீ.க்கு ஏறிவிடும். ஏழு செ.மீ.தானே என்று விட முடியாது. ஏற்றாதபோது பக்கவாட்டில் சுமார் 47 டிகிரி சாய்ந்தால் கவிழவேண்டிய வண்டி, இப்போது 44 டிகிரியிலேயே கவிழும். இதுவும் ஸ்பிரிங்கும் டயரும் அமுங்கவே இல்லை என்று வைத்துப் போட்ட ஏட்டுக் கணக்கு. உண்மையில் வண்டி ஒரு பக்கம் சாயும்போது அந்தப் பக்க ஸ்பிரிங் அமுங்கி, மேல்சுமை இன்னும் வெளியே தள்ளும். எனவே நிஜத்தில் இரண்டு எண்களுமே இதைவிடக் குறைவு.

கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். அங்கே ஒவ்வொரு வளைவிலும் இந்த வித்தியாசத்தை ஸ்டீயரிங் பிடித்திருப்பவர் உணர்வார். ஒரு பக்கச் சக்கரம் பள்ளத்தில் இறங்கும் காட்டுப் பாதையில் இன்னும் மோசம். அதனால் ஸ்டெப்னி, டூல் பெட்டி, தண்ணீர்க் கேன், ஜாக்கி எல்லாம் டிக்கியில், பின்சீட்டை ஒட்டி, தரையோடு தரையாக இருக்க வேண்டும். கூடாரத் துணி, படுக்கை, மடக்கு நாற்காலி போல இடத்தை அடைத்து எடை குறைவாக இருப்பவற்றுக்குத்தான் கூரை. அவற்றையும் ராட்செட் பெல்ட் போட்டுக் கட்டுங்கள். கொக்கி மாட்டிய ரப்பர் கயிறு பிரேக் அடித்தால் நீளும், சாமான் முன்னால் பறக்கும்.

நம்பிக்கை: "நாலு துளை போட்டு போல்ட் முடுக்கி, சிலிக்கான் அடித்துவிட்டால் ஜென்மத்துக்கும் அசையாது."

பட்டறையில் இதை யாராவது சொன்னால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். கூரைத் தகடு ஒரு மில்லிமீட்டர் கனம்கூட இருக்காது. அடியில் பலகையோ வலுத் தகடோ கொடுக்காமல் அதில் போட்ட போல்ட், ஒவ்வொரு குழியிலும் துளையைக் கொஞ்சம் கொஞ்சமாக அகலப்படுத்தும். துளையின் விளிம்பில் பெயின்ட் உரிந்து வெறும் இரும்பு தெரியும். வினிகர் வாடை அடிக்கும் சாதாரண சிலிக்கான் உலரும்போது அசிட்டிக் அமிலத்தை வெளிவிடும். அந்த அமிலம் வெறும் இரும்பை இன்னும் வேகமாக அரிக்கும். ஒரு மழைக்காலம் கழித்துப் பார்த்தால் உள்கூரைத் துணியில் டீக்கறைபோல் ஒரு வளையம் தெரியும். அதற்குள் தண்ணீர் தூண்வழியாக இறங்கி, தரை விரிப்புக்கு அடியில் தேங்கியிருக்கும்.

நீர் ஒழுகுவது சின்ன விஷயம். இன்றைய வண்டிகள் பலவற்றில் கதவுகளுக்கு மேலே, கூரையின் ஓரத்தில், கர்ட்டன் ஏர்பேக் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. இந்திய ஜிம்னியில் ஆறு ஏர்பேக். துளைப்பானோ நீளமான போல்ட்டோ அந்தப் பையைக் கிழித்தால் விபத்தின்போது அது விரியாமல் போகலாம். உயிருக்கு வைத்த காவலை ஒரு போல்ட்டுக்காக விலை பேசக் கூடாது.

துளையே போடாமல் பொருத்த வழி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஜிம்னியிலும் பழைய ஜிப்ஸியிலும் கூரை ஓரத்தில் நீளவாக்கில் மழைநீர்க் காலுவாய் ஓடுகிறது. அதைப் பிடிக்கும் கிளாம்ப் கிடைக்கிறது. வேறு சில வண்டிகளில் பிளாஸ்டிக் மூடிக்கு அடியில் கம்பெனியே மரை வைத்துக் கொடுத்திருக்கும். கிளாம்ப் உட்காரும் இடத்தில் மண்ணைத் துடைத்துவிட்டு, பெயின்ட் பாதுகாப்புப் படலம் ஒட்டிப் பொருத்துங்கள். முடுக்குவதற்கு டார்க் ரெஞ்சு வேண்டும். கேரியர் கால்களுக்குக் கொடுக்கப்படும் டார்க் அளவுகள் பெரும்பாலும் நாம் நினைப்பதைவிடக் குறைவு. நீளப் பிடி ஸ்பேனரில் முழுப் பலத்தையும் காட்டினால் காலுவாய் நசுங்கும், மரை உரியும். முதல் 50 கி.மீ. ஓடியதும் ஒருமுறை, பிறகு ஒவ்வொரு நாள் காலையிலும் ஒருமுறை எல்லா போல்ட்டையும் சரிபாருங்கள்.

நம்பிக்கை: "கூரையில் ரெயில் இருக்கிறது. அதில் மாட்டிக்கொள்ளலாம்."

நம் ஊரில் விற்கும் பல வண்டிகளில் அந்த ரெயில் வெறும் அலங்காரம். எடை ஏற்றலாமா என்று கையேடு சொல்லும், சொல்லாவிட்டால் ஏற்ற வேண்டாம். கான்வாஸ் கூரை போட்ட தாரில் கேள்விக்கே இடமில்லை. அங்கே கேரியரின் எடை வண்டியின் உடற்சட்டத்தில் போய் இறங்க வேண்டும்.

நம்பிக்கை: "லடாக் போவதானால் கூரையில் இரண்டு கேன் டீசல் இல்லாமல் கிளம்பவே கூடாது."

மணாலி–லே சாலையில் டாண்டி பங்கில், அடுத்த பங்க் 365 கி.மீ. தள்ளி என்று எழுதிய பலகை பேர்பெற்றது. அந்தப் பலகையைப் பார்த்துத்தான் பலரும் கேன் வாங்குகிறார்கள். மூன்று கதவு தாரின் டேங்க் 57 லிட்டர். மலையில் லிட்டருக்கு 10 கி.மீ. என்று குறைத்தே கணக்குப் போட்டாலும் 570 கி.மீ. போகும். ஜிம்னியின் 40 லிட்டரிலும் 400 கி.மீ. வரும். நிரப்பிக்கொண்டு நேராகப் போகிறவருக்கு அது போதும். ஒரு 20 லிட்டர் இரும்புக் கேன், டீசலோடு 20 கிலோவைத் தாண்டும். இரண்டு கேன் என்றால் 40 கிலோ, அதுவும் கூரைமேல், வெயிலில், ஆவி கிளம்பும் நிலையில். கிளை வழிகளில் சுற்றப்போகிறவருக்கு உபரி எரிபொருள் தேவைப்படலாம். அவர்கள் ஒரே ஒரு கேனை வண்டியின் பின்பக்கத்தில், வெளியே, தாழ்வாக மாட்டும் தாங்கியில் வைக்கட்டும். ஆட்கள் உட்காரும் இடத்துக்குள் வைக்கவே கூடாது.

நம்பிக்கை: "கேரியருக்கெல்லாம் சட்டம் கிடையாது."

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் கம்பெனி கொடுத்த அளவிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் வண்டிக்காரருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். வெட்டி, துளைத்து, பற்றவைத்துப் பொருத்தியதைவிட, கம்பெனியின் சொந்த ஆக்சஸரியாக வந்து கழற்றி மாட்டக்கூடியது பாதுகாப்பு. பில்லை வண்டியிலேயே வைத்திருங்கள். உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வாங்கும் முன்பே கேளுங்கள். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் தெரிவித்துவிடுங்கள்.

நம்பிக்கை: "காலியாக இருக்கும் கேரியர் மைலேஜைத் தொடாது."

காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடியாக ஏறும். கூரைமேல் பெரிய சாமான் பெட்டி வைத்த கார்களைப் பற்றி அமெரிக்க எரிசக்தித் துறை தரும் எண்கள் இவை: ஊருக்குள் 2 முதல் 8 சதவீதம், நெடுஞ்சாலையில் 6 முதல் 17 சதவீதம், மணிக்கு 105 முதல் 120 கி.மீ. வேகத்தில் 10 முதல் 25 சதவீதம் மைலேஜ் இழப்பு. காலிக் கேரியரில் இழப்பு இதைவிடக் குறைவாக இருக்கும், ஆனால் அது தினமும் கணக்கில் ஏறிக்கொண்டே இருக்கும். லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தின் ஆலன் மையர் யூச்சே சென்னுடன் சேர்ந்து 2016இல் வெளியிட்ட ஆய்வின்படி, அமெரிக்காவில் மட்டும் கேரியர்களால் கூடுதலாக எரியும் பெட்ரோல் ஆண்டுக்கு 10 கோடி கேலன், அதாவது சுமார் 38 கோடி லிட்டர்.

மைலேஜ் மட்டுமல்ல, உயரமும் கணக்கில் வரும். மால்களின் பேஸ்மென்டில் பல இடங்களில் 2.1 மீட்டர்தான் உயர வரம்பு. 1.85 மீட்டர் வண்டியில் 20 செ.மீ. கேரியரும் அதன்மேல் ஒரு பையும் இருந்தால் உள்ளே நுழைய முடியாது. எனவே கழற்ற எளிதான கேரியராகப் பார்த்து வாங்குங்கள். பயணம் முடிந்து ஊர் திரும்பியதும் அந்த வார இறுதியிலேயே கழற்றிக் கழுவி, போல்ட்டுகளை ஒரு டப்பாவில் போட்டு எடுத்து வையுங்கள்.