முழங்கால் நோவுக்குப் பயிற்சியே மருந்து

"முழங்கால் நோகுது, இனிக் கீழே இருக்க ஏலாது" என்று ஆலய மண்டபத்தின் ஓரத்துக் கதிரைகளில் அமரும் பெரியவர்கள் நம்மிடையே ஆண்டுதோறும் கூடி வருகிறார்கள். கதிரையில் அமர்வதில் பிழையில்லை. அதன் பின் நடப்பதுதான் கவலைக்குரியது. நோவுக்குப் பயந்து நடையைக் குறைக்கிறோம். பிறகு படியேறுவதைத் தவிர்க்கிறோம். பனிக்காலம் வந்தால் வெளியே போவதே இல்லை. பிள்ளைகளும் அன்பினால், "அம்மா, நீங்கள் பேசாமல் இருங்கோ, நாங்கள் பார்க்கிறம்" என்று எல்லா வேலைகளையும் வாங்கிக்கொள்கிறார்கள். ஈற்றில் குளியலறைக்குப் போகவும் இன்னொருவர் கை தேவைப்படுகிறது. இந்த நிலையைப் பெரும்பாலும் தடுக்கலாம் என்பதை விளக்கவே இதனை எழுதுகிறோம்.

ஓய்வு செய்யும் தீங்கு

அமெரிக்காவின் டலஸ் நகரில் 1966ஆம் ஆண்டு, 20 வயதுடைய ஆரோக்கியமான இளைஞர் 5 பேரை 3 கிழமை படுக்கையில் வைத்து ஆராய்ந்தார்கள். 30 ஆண்டுகளின் பின் அதே ஐவரையும் மீண்டும் பரிசோதித்தார்கள். 30 ஆண்டு வயது ஏறியதால் குறைந்த உடற்திறனைவிட, அன்றைய 3 கிழமைப் படுக்கையால் குறைந்தது அதிகம் என்று தெரியவந்தது. 50 வயதில் அவர்கள் 6 மாதம் முறையாகப் பயிற்சி செய்து, வயதினால் இழந்த இதய, நுரையீரல் திறனைத் திரும்பப் பெற்றார்கள்.

முழங்காலைத் தாங்கிப் பிடிப்பது தொடையின் முன்பக்கத் தசை. நடக்காமல் இருந்தால் அது மெலிகிறது. மெலிந்தால் மூட்டின் மீது சுமை கூடுகிறது, நோவும் கூடுகிறது. மூட்டிலுள்ள குருத்தெலும்புக்கு இரத்தக் குழாய்கள் இல்லை. மூட்டு அசையும்போது உள்ளே இருக்கும் நீரிலிருந்துதான் அது ஊட்டம் பெறுகிறது. ஆகவே "தேய்ந்த காலை நடந்து மேலும் தேய்க்கக் கூடாது" என்ற எண்ணம் சரியானதல்ல.

டென்மார்க்கில் 2013இல் தொடங்கி, கனடா, அவுஸ்திரேலியா முதலிய நாடுகளுக்கும் பரவிய 'கிளாட்' என்னும் பயிற்சித் திட்டம் இந்த அடிப்படையில் அமைந்தது. பிசியோதெரபி நிபுணரின் மேற்பார்வையில் கிழமைக்கு 2 தடவையாக 6 கிழமை பயிற்சி செய்கிறார்கள். தேய்ந்த குருத்தெலும்பு இதனால் மீண்டும் வளர்வதில்லை. ஆயினும் பலருக்கு நோவு குறைந்து நடை இலகுவாகிறது.

வீட்டில் செய்யக்கூடியவை

1. சுவரோடு வைத்த உறுதியான கதிரையிலிருந்து எழும்பி, மெதுவாக மீண்டும் அமருங்கள். முதலில் கையை ஊன்றலாம். பின்னர் ஊன்றாமல் முயலுங்கள்.

2. கதிரையில் இருந்தபடி ஒரு காலை நேராக நீட்டி, 5 எண்ணும்வரை பிடித்து, மெல்ல இறக்குங்கள். மற்றக் காலுக்கும் அவ்வாறே.

3. குசினி மேசையைப் பிடித்துக்கொண்டு இரு குதிகளையும் உயர்த்தி இறக்குங்கள்.

ஒவ்வொன்றையும் 10 தடவை செய்யலாம். சிறிது நோவு இருந்தால் பயப்பட வேண்டாம். நோவை 0 முதல் 10 வரை அளந்தால் 5க்கு மேல் போகக் கூடாது. அடுத்த நாள் வழக்கமான அளவுக்குத் திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் பயிற்சியைக் குறையுங்கள், கைவிடாதீர்கள்.

தசை பலம்பெறப் பல கிழமைகள் வேண்டும். 2 கிழமையில் "ஒரு பலனும் இல்லை" என்று விடுவோர் பலர். நோவு குறைந்ததும் நிறுத்துவோரும் பலர். இரத்த அழுத்த மாத்திரையைப் போல இதையும் தொடர்ந்தால்தான் பயன் நிற்கும். உடல் எடை கூடியவர்கள் ஒரு இறாத்தல் குறைத்தாலும், ஒவ்வோர் அடியிலும் முழங்காலுக்கு ஏறக்குறைய 4 இறாத்தல் சுமை குறையும்.

முதலில் வைத்தியரைக் காண வேண்டியவர்கள்

மூட்டு திடீரென வீங்கிச் சிவந்து சுடுதல், காய்ச்சல், விழுந்தபின் காலை ஊன்ற முடியாமை, கெண்டைக்கால் வீக்கம், நெஞ்சு நோ ஆகியன இருந்தால் பயிற்சியைத் தொடங்காமல் உடனே வைத்திய உதவி பெறுங்கள். சத்திரசிகிச்சை செய்தவர்களும் எலும்பு முறிந்தவர்களும் தமக்கெனச் சொல்லப்பட்ட பயிற்சியையே செய்ய வேண்டும்.

ஒன்ராறியோவில் 65 வயதும் அதற்கு மேற்பட்டோரும் குடும்ப வைத்தியரின் கடிதத்துடன், அரசு நிதி பெறும் பிசியோதெரபி நிலையங்களில் இலவசமாகச் சிகிச்சை பெறலாம். மொழி தெரியாதென்று பலர் போவதில்லை. இளையோர் கூடச் சென்று, சொல்லித் தரும் பயிற்சிகளைத் தமிழில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டி வைத்தால் அது பெரிய தொண்டாகும்.

இனி வீட்டில் பெரியவர்கள் கால் நோகிறது என்றால் "படுத்திருங்கோ" என்று சொல்லாமல், "இண்டைக்குப் பயிற்சி செய்தீங்களோ?" என்று கேட்போம். முடிந்தால் கூட நின்று நாமும் செய்வோம்.