காணாதார் கண்ணீர்: அகாலத்தில் மறைந்த கால்பந்து வீரர்களும் இரசிகர் நினைவும்

முன்னுரை

புறநானூற்றின் கையறுநிலைப் பாடல்களைக் கற்பிக்கும்போதெல்லாம் மாணவரிடமிருந்து ஏதேனும் ஒரு வினா எழுவதுண்டு. சென்ற பருவத்தில், கல்லூரிக் கால்பந்து அணியில் ஆடும் மாணவர் ஒருவர் எழுந்து, "ஐயா, குடவாயிற் கீரத்தனார் தாம் அறிந்த சாத்தனுக்காக இரங்கினார். அதனை ஏற்கலாம். ஆனால் தான் ஒருநாளும் கண்டிராத ஒருவனுக்காக, அவன் மாய்ந்து ஐம்பது அறுபது ஆண்டுகள் கழிந்த பின்னர், ஒருவன் உண்மையாகவே கலங்க முடியுமா? அது வெறும் சடங்குதானே?" என்றார்.

அன்று அவருக்கு நிறைவான விடை கூற என்னால் இயலவில்லை. அவர் நாள்தோறும் ஆடும் ஆட்டத்தின் வரலாற்றிலேயே விடை இருக்கக்கூடும் என்று எண்ணித் தேடலானேன். அத்தேடலின் பயனே இக்கட்டுரை.

கையறுநிலையும் நடுகல்லும்

'கையறுதல்' என்பது செயலற்றுப் போதல். தலைவன் இறந்தவழி, அவனைச் சார்ந்து வாழ்ந்தோர் தம் செயலற்ற நிலையைச் சொல்லி இரங்குவது கையறுநிலை என்னும் துறையாகும். ஒல்லையூர் தந்த பெருஞ்சாத்தன் மாய்ந்தபோது கீரத்தனார் முல்லைக் கொடியை விளித்து, அவன் இல்லாத நாட்டில் நீயும் பூக்கின்றாயோ என்னும் கருத்துப்பட வினவுகின்றார். தலைவன் இறந்த பின்னும் உலகம் தன் போக்கில் இயங்குவதை உள்ளம் ஏற்க மறுக்கும் நிலை அது.

இத்துயரம் ஒரு தலைமுறையோடு கரைந்துவிடாமல் காப்பது நடுகல். தொல்காப்பியம் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல் என நடுகல்லுக்கு ஆறு நிலைகளை வகுக்கின்றது. கல்லில் வீரனின் பெயரைப் பொறிப்பதால், அவனைக் காணாதவரும் அவனை அறிகின்றனர். எனவே கையறுநிலை கண்டவரின் துயரம் என்றும், நடுகல் காணாதவருக்கும் அத்துயரைக் கைமாற்றித் தரும் வழி என்றும் கொள்ளலாம். இவ்விரண்டையும் கால்பந்து உலகில் பொருத்திக் காண்போம்.

சுப்பெர்காக் குன்று

இத்தாலியின் தூரின் நகரத்து அணியான தொரினோ, 1940களில் அந்நாட்டில் ஒப்பாரின்றி விளங்கியது. போரினால் போட்டிகள் தடைப்பட்ட காலம் நீங்கலாக, 1943 முதல் 1949 வரை தொடர்ந்து ஐந்து முறை லீக் பட்டம் அதற்கே உரியதாயிற்று. 1947 மே 11 அன்று ஹங்கேரிக்கு எதிராகக் களமிறங்கிய இத்தாலிய அணியின் பதினொருவரில் பதின்மர் தொரினோ வீரர்கள் என்பதொன்றே அதன் ஆற்றலுக்குச் சான்றாகும். அணித்தலைவர் வாலெந்தினோ மட்சோலா. ஆட்டம் தளரும் வேளையில் அரங்கிலிருந்து இரசிகரான இரயில்வே ஊழியர் ஒருவர் ஊதுகொம்பை முழக்குவார் என்றும், அது கேட்டு மட்சோலா சட்டைக் கைகளை மடித்துவிட்டுக்கொள்வார் என்றும், அதன்பின் எதிரணிக்கு மீட்சியில்லை என்றும் அந்நகரத்தார் வழிவழியாகக் கூறுவர்.

1949 மே 4 அன்று, லிஸ்பனில் பென்ஃபிகா அணியுடன் நட்புமுறை ஆட்டம் ஆடிவிட்டு அவர்கள் திரும்பிய வானூர்தி, மூடுபனியில் வழி தெரியாது, தூரின் நகரை நோக்கி நிற்கும் சுப்பெர்காக் குன்றின் மீதுள்ள தேவாலயத்தின் பின்புறச் சுவரில் மோதியது. அதிலிருந்த 31 பேரும் மாண்டனர். அவர்களுள் 18 பேர் ஆட்டக்காரர்கள். மட்சோலாவுக்கு அப்போது வயது 30. உடல்களை அடையாளம் காட்டும் கொடிய கடமை, அவ்வீரர்களை நாட்டு அணிக்காக வளர்த்தெடுத்த பயிற்சியாளர் வித்தோரியோ போட்சோவுக்கு வாய்த்தது. அந்த லீக் போட்டியில் எஞ்சிய நான்கு ஆட்டங்களிலும் தொரினோ தன் இளையோர் அணியைக் களமிறக்கியது. எதிர்த்து ஆடிய அணிகளும் தத்தம் இளையோரையே அனுப்பின. எதிரியின் துயரத்தைத் தமக்கு வாய்ப்பாகக் கொள்ளாத அச்செயல் போற்றற்குரியது.

இன்றளவும் ஆண்டுதோறும் மே 4 அன்று இரசிகர்கள் அக்குன்றின் மீது கூடுகின்றனர். தேவாலயத்தின் பின்புறம் பெயர்கள் பொறித்த கல் நிற்கின்றது. அவ்வாண்டின் அணித்தலைவர் அதன் முன் நின்று, இறந்தோர் பெயர்களை ஒவ்வொன்றாக உரக்கப் படிக்கின்றார். அங்குக் கூடும் இளைஞரில் எவரும் மட்சோலாவின் ஆட்டத்தைக் கண்டவரல்லர். தந்தையோ பாட்டனாரோ கைப்பிடித்துக் குன்றேற்றிக் காட்டியதால் அறிந்தவர்கள். தொல்காப்பியர் கூறும் நடுகல்லும் பெரும்படையும் வாழ்த்தும் வேற்று நாட்டில், வேற்று மொழியில், வேற்றுக் காலத்தில் நிகழ்வதாகவே எனக்குத் தோன்றுகின்றது.

மியூனிக் பனியும் வெற்றிடமான பெயர்ப்பட்டியலும்

சுப்பெர்கா நிகழ்ந்து ஒன்பது ஆண்டுகள் கழிவதற்குள் இங்கிலாந்துக்கும் அத்துயர் நேர்ந்தது. மேட் பஸ்பி என்னும் மேலாளர் மான்செஸ்டர் யுனைடெட் அணியில் இளைஞர்களைத் திரட்டி வளர்த்திருந்தார். பெல்கிரேடு நகரில் ரெட் ஸ்டார் அணியுடன் 3-3 என்று ஆட்டத்தைச் சமன் செய்து, ஐரோப்பியக் கோப்பையின் அரையிறுதிக்குத் தகுதி பெற்றுத் திரும்பும் வழியில், எரிபொருள் நிரப்புவதற்காக அவர்களது வானூர்தி மியூனிக்கில் இறங்கியது. 1958 பிப்ரவரி 6 அன்று, ஓடுபாதையில் உருகிய பனி சேறுபோலத் தேங்கியிருக்க, மூன்றாம் முறையாக மேலெழ முயன்றபோது அது விபத்துக்குள்ளானது. இறந்தோர் 23 பேர். அவர்களுள் எண்மர் யுனைடெட் வீரர்கள்.

எண்மரில் எழுவர் அந்த இடத்திலேயே உயிரிழந்தனர். எட்டாமவர் டங்கன் எட்வர்ட்ஸ். டட்லி என்னும் தொழில் நகரத்தில் பிறந்து, 16 வயதில் யுனைடெட் அணிக்கும் 18 வயதில் நாட்டு அணிக்கும் ஆடியவர். தடுத்தாடலிலும் தாக்கியாடலிலும் ஒருங்கே வல்லவர். மருத்துவமனையில் பதினைந்து நாள்கள் போராடி, பிப்ரவரி 21 அன்று, 21 ஆம் வயதில் மறைந்தார்.

அவர் அங்கே உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தபோதே, பிப்ரவரி 19 அன்று, யுனைடெட் தன் அடுத்த ஆட்டத்தை ஆட வேண்டியிருந்தது. எதிரணி ஷெஃபீல்டு வென்ஸ்டே. அன்று இரசிகர்களுக்கு விற்கப்பட்ட ஆட்ட நிரலில், யுனைடெட் வீரர் பெயர்கள் அச்சாக வேண்டிய பதினோரு இடங்களும் வெற்றிடமாக விடப்பட்டிருந்தன. யார் ஆடுவார் என்பது அச்சேறும் நேரம்வரை தெரியாததே காரணம். ஆயினும் அவ்வெற்றிடம் எக்கவிஞரும் எழுத இயலாத கையறுநிலையாகும். இரசிகர்கள் வந்தனர், ஆட்டம் நடந்தது, யுனைடெட் 3-0 என வென்றது. முல்லை பூக்கத்தான் செய்தது. எனினும் கீரத்தனாரின் வினா அங்கே ஒவ்வொரு நெஞ்சிலும் ஒலித்திருக்கும்.

டட்லியில் 1961இல், எட்வர்ட்ஸ் நினைவாக ஒரு தேவாலயத்தில் வண்ணக் கண்ணாடிச் சாளரங்கள் அமைந்தன. 1999இல் அவ்வூர்ச் சந்தை வெளியில் சிலை எழுந்தது. அவருடைய தந்தை, மகன் உறங்கும் அதே கல்லறைத் தோட்டத்தில் பின்னாளில் தோட்டக்காரராகப் பணியாற்றினார். அங்கு வந்து செல்லும் இரசிகர்களை அவர் கண்டிருக்கிறார். உற்றார் துயரமும் ஊரார் துயரமும் ஒரே மண்ணில் சந்தித்த இடம் அது.

இங்கு ஒன்றை மறத்தலாகாது. புகழ் பெரும்பாலும் எட்வர்ட்ஸ் ஒருவரையே சூழ்ந்து நிற்கின்றது. ஆனால் அவ்வெண்மரில் ஜெஃப் பென்ட் என்பாரும் ஒருவர். அணித்தலைவர் ரோஜர் பைர்ன் காயத்தால் ஆட இயலாது போகலாம் என்பதற்காக மாற்று வீரராக உடன் சென்றவர்; அன்று பைர்ன் ஆடிவிட்டமையால் களமிறங்காமலே திரும்பியவர். ஜானி பெர்ரி, ஜாக்கி பிளாஞ்ச்ஃபிளவர் ஆகிய இருவரும் உயிர் பிழைத்தனராயினும் மீண்டும் ஆடும் நிலையைப் பெறவில்லை. உயிர் பிழைத்தோருக்கும் இறந்தோர் குடும்பத்தாருக்கும் போதிய உதவி கிட்டவில்லை என்னும் குறை நெடுங்காலம் நிலவியது. அவர்களுக்காக நிதி திரட்டும் ஆட்டம் 1998 ஆகஸ்டில்தான் நடைபெற்றது. சிலை வைப்பதில் காட்டும் விரைவை, இருப்போரின் துயர் துடைப்பதிலும் காட்ட வேண்டும் என்பது இதனால் பெறப்படும் பாடம்.

எதிரணியின் மௌனம்

மியூனிக் விபத்தின் ஐம்பதாம் ஆண்டு நினைவு 2008 பிப்ரவரி 6 அன்று வந்தது. பிப்ரவரி 10 அன்று யுனைடெட் ஆடியது அதே நகரத்தின் பரம்பரைப் போட்டியாளரான மான்செஸ்டர் சிட்டி அணியுடன். எதிரணி இரசிகர் மௌன அஞ்சலியைக் குலைத்துவிடுவரோ என்னும் அச்சம் பலருக்கு இருந்தது. விளம்பரம் ஏதுமின்றி 1950களின் பாணியில் தைத்த சட்டையுடன் யுனைடெட் வீரர்கள் நின்றனர். ஒரு நிமிடம் அரங்கம் முழுவதும் அமைதி காத்தது, அச்சம் பொய்த்தது.

மியூனிக்கில் இறந்த 23 பேரில் ஃபிராங்க் ஸ்விஃப்டும் ஒருவர். முன்னர் சிட்டி அணியின் புகழ்பெற்ற கோல்காவலராக விளங்கி, பின்னர் பத்திரிகையாளராக அப்பயணத்தில் உடன் சென்றவர். துயரத்திற்குக் கட்சியில்லை என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ? பிழைத்த வீரர்களுள் கடைசியாக வாழ்ந்த பாபி சார்ல்டன் 2023 அக்டோபரில் மறைந்தார். இனி மியூனிக்கின் நினைவு, காணாதவர் கையில் மட்டுமே இருக்கின்றது.

அன்பின் மறுபுறம்

இரசிகர் அன்பைப் புகழ்வதோடு நின்றுவிடின் ஆய்வு முழுமையுறாது. 1994 உலகக் கோப்பையில், ஜூன் 22 அன்று, அமெரிக்காவுக்கு எதிரான ஆட்டத்தில் கொலம்பியத் தடுப்பாட்டக்காரர் ஆந்திரேஸ் எஸ்கோபார் எதிரியின் பந்தைத் தடுக்கக் கால் நீட்டியபோது, பந்து தம் அணியின் வலைக்குள்ளேயே சென்றது. கொலம்பியா 2-1 எனத் தோற்றது. நாடு திரும்பிய அவர், ஜூலை 2 அன்று, தம் சொந்த நகரமான மெதெயினில் அப்பிழையைக் காட்டி இழிவுபடுத்தப்பட்டுச் சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 27. அவர் இறுதி ஊர்வலத்தில் நூறாயிரத்திற்கும் மேற்பட்டோர் திரண்டனர். 2002இல் அந்நகரில் அவருக்குச் சிலை எழுந்தது.

ஒரு பிழையைப் பொறுக்காத வெறியும், அப்பிழை செய்தவனுக்காகப் பெருகிய கண்ணீரும் ஒரே நகரத்தில் பத்து நாள் இடைவெளியில் தோன்றின. வீரனை மனிதனாகக் காணாமல் நம் வெற்றிக்குரிய கருவியாகக் காணும் உள்ளத்தில் அன்பு நஞ்சாகின்றது. இறந்த பின் வாழ்த்துவதற்கு முன், வாழுங்கால் பொறுத்தல் வேண்டும்.

நினைவு கடமையாதல்

2003 ஜூன் 26 அன்று, பிரான்சின் லியோன் நகரில் கொலம்பியாவுக்கு எதிராக ஆடிக்கொண்டிருந்த கேமரூன் வீரர் மார்க் விவியன் ஃபோயே, 72 ஆம் நிமிடத்தில், அருகில் எவருமில்லாத நிலையில் களத்தில் சாய்ந்தார். வயது 28. வெளியே தெரியாத இதயத் தசை நோய் அவருக்கு இருந்தது பின்னர் அறியப்பட்டது. அவர் ஆடிவந்த மான்செஸ்டர் சிட்டி, அவர் அணிந்த 23 ஆம் எண்ணை வேறெவருக்கும் தருவதில்லை என முடிவு செய்தது.

நம் நாட்டிலும் இத்தகைய துயரம் நிகழ்ந்தது. 2004 டிசம்பர் 5 அன்று பெங்களூரில் நடைபெற்ற ஃபெடரேஷன் கோப்பை இறுதியாட்டத்தில், மோகன் பகான் அணிக்கு எதிராக டெம்போ அணியின் இரு கோல்களையும் அடித்த பிரேசில் வீரர் கிறிஸ்டியானோ ஜூனியர், இரண்டாவது கோலை அடித்த கணத்தில் எதிரணிக் கோல்காவலருடன் மோதி வீழ்ந்து உயிர்நீத்தார். களத்தில் தக்க மருத்துவ ஏற்பாடு இல்லை என்னும் குரல் அப்போது வலுவாக எழுந்தது.

இம்மரணங்கள் வீண்போகவில்லை. 2006 உலகக் கோப்பை முதல், போட்டிக்கு முன் வீரர்களின் இதயத்தைச் சோதிக்கும் முறையை உலகக் கால்பந்துக் கூட்டமைப்பு கொணர்ந்தது. 2012 மார்ச் 17 அன்று இலண்டனில் ஃபாப்ரிஸ் முவாம்பா களத்தில் வீழ்ந்தபோது, இரசிகர்களிடையே அமர்ந்திருந்த இதய மருத்துவர் ஒருவர் களத்திற்குள் ஓடிவந்து உதவினார். 78 நிமிடங்கள் தானாக இயங்காதிருந்த இதயம் மீண்டும் இயங்கியது. 2021 ஜூன் 12 அன்று கோபன்ஹேகனில் டென்மார்க் வீரர் கிறிஸ்டியன் எரிக்சன் வீழ்ந்தபோது, சக வீரர்கள் வட்டமாகச் சூழ்ந்து நின்று மறைக்க, மார்பை அழுத்தும் முதலுதவியும் மின்னதிர்ச்சிக் கருவியும் அவரைக் காத்தன. மறு ஆண்டே அவர் உலகக் கோப்பையில் ஆடினார். முன்னவர் இறப்பிலிருந்து கற்ற பாடம் பின்னவர் உயிரைக் காத்தது எனலாம்.

நிறைவுரை

என் மாணவரின் வினாவுக்கு இப்போது விடை கூற முற்படுகின்றேன். காணாதவருக்காகக் கலங்க இயலும். பெயரைச் சொல்லிக் கைமாற்றித் தருவோர் இருக்கும்வரை அக்கலக்கம் உண்மையானதே. அது சடங்காகிவிடாமல் இருக்க, புகழ்பெற்றவரோடு பென்ட் போன்றோர் பெயரையும் சேர்த்துச் சொல்லுதல் வேண்டும். எதிரணியின் துயரத்திலும் தலைகுனிதல் வேண்டும். வாழ்வோரின் பிழை பொறுத்து அவர்தம் உயிர் காக்கக் கற்றல் வேண்டும்.

அவ்வினாவை எழுப்பிய மாணவரும் அவருடைய தோழர்களும் மாலைதோறும் நம் கல்லூரிக் களத்தில் ஆடுகின்றனர். அவர்களுள் எவரேனும் வீழ்ந்தால், மார்பை அழுத்தி உயிர் மீட்க நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஆசிரியராகிய எனக்கும் தெரியாது என்பதை நாணத்தோடு ஒப்புக்கொள்கின்றேன். அதனைக் கற்பிக்கும் ஒரு நாள் பயிற்சியை இவ்வாண்டே நம் கல்லூரியில் ஏற்பாடு செய்தல் நன்று. முதல் வரிசையில் அமர்ந்து கற்க நான் அணியமாக இருக்கின்றேன்.