பலூன் வெச்ச வீட்டுக்கு அக்கா சொல்றேன்

ஸ்டென்ட் வெச்சு ஆறு மாசம் ஆச்சு, நல்லா நடக்குறார், இனி மாத்திரை எதுக்குன்னு கேக்குறீங்களே, அங்கதான் எனக்குக் கோபம் வருது. ஸ்டென்ட்ங்கிறது கம்பி வலை. அதுமேல சதை மூட நாளாகும், மருந்து பூசின ஸ்டென்ட்டுக்கு இன்னும் தாமதம். மூடாத கம்பியில ரத்தம் உறையும், வருஷம் கழிச்சும் உறையலாம்.

1. ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல் ரெண்டையும் இதய டாக்டர் சொல்லாம நிறுத்தாதீங்க. எங்க மாமா பல் பிடுங்கணும்னு நாலு நாள் தானா நிறுத்தினார். அஞ்சாம் நாள் விடியக்காலை சட்டை நனைய வேர்த்து, நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டுத் திண்ணையில உட்கார்ந்திருந்தார். பல்லை இன்னும் பிடுங்கக்கூட இல்ல.

2. மெடிக்கல்ல நீங்களா மூட்டுவலி மாத்திரையும் ஒமிப்ரசோலும் வாங்காதீங்க. முதலாவது ரத்தக்கசிவைக் கொண்டுவரும், அடுத்தது க்ளோபிடோக்ரெல் வேலையைக் குறைக்கும்.

3. டிஸ்சார்ஜ் ஃபைலில் ஸ்டென்ட் பேர், அளவு போட்ட சின்ன ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். போன்ல படம் பிடிச்சு வைங்க. ஆஞ்சியோ சிடியைப் பிள்ளைங்க கையில குடுக்காதீங்க.

4. மேடு ஏறினா மட்டும் நெஞ்சு இறுக்குதா? ஸ்டென்ட்டுக்குள்ள சதை வளர்ந்திருக்கலாம், அந்த வாரமே டாக்டரைப் பாருங்க. சும்மா இருக்கும்போதே வலி, வேர்வைன்னா 108தான். கேஸ்னு சோடா குடிச்சு நேரத்தைக் கொல்லாதீங்க, எங்க அரூர்ல இருந்து பெரிய ஆஸ்பத்திரி இருக்குற சேலம் பக்கத்துல இல்ல. ஆரம்ப சுகாதார நிலையத்துலயே முதல் டோஸ் மாத்திரை குடுக்க 2023-ல 'இதயம் காப்போம்' திட்டம் வந்திருக்கு.

5. மறுபடி அடைச்சா, இன்னொரு ஸ்டென்ட்டுக்குத் தலையாட்டுறதுக்கு முன்னாடி "ஏன் அடைச்சதுன்னு உள்ள பார்த்தீங்களா?"ன்னு கேளுங்க. கேக்க வெக்கப்படாதீங்க. சாதாரண ஆஞ்சியோ ரத்தம் ஓடுற பாதையைத்தான் காட்டும். ஐவஸ்னு ஒலியால பாக்குறது, ஓசிடின்னு ஒளியால பாக்குறது, ரெண்டும் குழாய்க்குள்ளேயே போய்ப் பாக்குற முறை. ஓசிடி ஒரு மில்லிமீட்டர்ல கிட்டத்தட்ட நூத்துல ஒரு பங்கு வரைக்கும் பிரிச்சுக் காட்டும். கம்பி சுவரோட ஒட்டாம நிக்குதா, குழாய்ச் சுவர்ல படிஞ்ச சுண்ணாம்பு அழுத்தி சரியா விரியலையா, ஒடிஞ்சிருக்கா, உள்ளேயே புதுசா கொழுப்பு படிஞ்சிருக்கா – எல்லாம் தெரியும். சரியா விரியலன்னா பலூன் வெச்சு விரிக்கலாம், அதுமேல இன்னொரு கம்பி எதுக்கு? கிட்னி கோளாறு இருந்தா முன்கூட்டியே சொல்லிடுங்க, ஓசிடிக்குச் சாயம் கூடுதலா செலவாகும்.

இன்னிக்கு ராத்திரியே ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல் பட்டையை எடுத்து எண்ணுங்க. ஒரு வாரத்துக்குக் கம்மியா இருந்தா நாளைக்குக் காலையில முதல் வேலை மருந்துக் கடை.