வயிற்றுப் பிள்ளைக்கு 'ஸ்ட்ரெஸ் டெஸ்ட்': பயப்படலாமா?

"வயித்துல பெல்ட்டக் கட்டி கரண்ட் வைக்கிறாங்களாம், பிள்ளைக்கு ஒன்னும் ஆகாதே?" மேரு பக்கமிருந்து கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா ஆஸ்பத்திரிக்கு அனுப்பப்படும் தாய்மார்கள் கேட்கக்கூடிய கேள்விதான். யாரோ சொன்னதைக் கேட்டுத் தவணைக்கே போகாமல் இருந்துவிடுவதுதான் கெடுதல்.

தாய்மார்களே, அந்தப் பெல்ட் சோதனைக்கு சி.டி.ஜி. என்று பெயர். ஒரு பட்டை பிள்ளையின் இதயத் துடிப்பைக் கேட்கிறது. மற்றொன்று வயிறு இறுகுவதைப் பார்க்கிறது. ஊசியில்லை, மருந்தில்லை, உடம்புக்குள் கரண்டும் போவதில்லை. ஸ்கேனைப் போல ஒலி அலைதான். 20 முதல் 40 நிமிடம் ஆகும்.

காண்டா வாளி தூக்கி மேடு ஏறினால் நெஞ்சு படபடக்கிறதல்லவா? பிள்ளையும் அசையும்போது துடிப்பு ஏற வேண்டும். சாதாரணமாக நிமிடத்துக்கு 110 முதல் 160. எட்டு மாதப் பிள்ளைக்கு 20 நிமிடத்தில் இரண்டு தடவையாவது 15 துடிப்பு கூடி, 15 விநாடி நின்றால் நல்லது. ஏறவில்லை என்றால் உடனே கலங்க வேண்டாம், பிள்ளை தூங்கிக்கொண்டிருக்கலாம். மல்லாந்து படுக்காதீர்கள், தலை சுற்றும். இடப்பக்கம் சாய்ந்து படுங்கள்.

உண்மையான 'ஸ்ட்ரெஸ்' சோதனை வேறு. 1972-இல் அமெரிக்காவில் ரே, ஃப்ரீமன் முதலிய டாக்டர்கள் அதைப் பற்றி எழுதினார்கள். ஆக்ஸிடோசின் மருந்தை டிரிப்பில் ஏற்றி, 10 நிமிடத்துக்கு மூன்று வலி வரவழைப்பார்கள். வலியின்போது நச்சுக்கொடிக்கு ரத்தம் குறையும். திடமான பிள்ளை தாங்கும். வலிக்குப் பின்னால் ஒவ்வொரு முறையும் துடிப்பு இறங்கினால், நச்சுக்கொடிக்குச் சக்தி போதவில்லை என்று சந்தேகிப்பார்கள்.

இதில்தான் கவனம் வேண்டும். வலி அளவுக்கு மீறலாம், குறைமாதத்திலேயே பிரசவ வலி பிடிக்கலாம். நச்சுக்கொடி கீழே இறங்கியவர்கள், முன்பு கர்ப்பப்பையை நெடுக்காக வெட்டி ஆபரேஷன் ஆனவர்கள், பனிக்குடம் முன்கூட்டி உடைந்தவர்கள், இவர்களுக்குச் செய்யக்கூடாது. டிரிப் போட வந்தால் "எனக்கு முன்னே ஆபரேஷன் ஆச்சு" என்று வாய் திறந்து சொல்லுங்கள். இப்போது பெல்ட்டும் ஸ்கேனுமே பெரும்பாலும் போதுமென்பதால் இந்தச் சோதனை மிக அபூர்வம்.

இன்னொன்று. இரத்தக் கொதிப்பு, இனிப்புநீர் உள்ளவர்கள் முக்கியமாகக் கேளுங்கள். "நேத்துத்தான் பெல்ட் போட்டாங்க, நல்லாருக்குன்னாங்க" என்று சும்மா இருக்காதீர்கள். அது அந்த நேரத்து நிலைமையை மட்டுமே காட்டும். 28 வாரத்துக்குமேல் காலை 9 மணியிலிருந்து உதையை எண்ணுங்கள். இரவு 9-க்குள் பத்து வரவில்லையென்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. வழக்கத்தைவிடத் திடீரென்று அசைவு குறைந்தால் இரவு வரைகூடக் காத்திருக்க வேண்டாம். கிளினிக்கில் கொடுத்த ரோஸ் நிறப் புத்தகத்தையும் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள்.